கார்லண்ட் எங்கே என்று கேட்டவன்

கானெட் துறை என்ற மீனவ ஊரில் ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயதைக் கேட்கலாம், பல்செட் என்ன விலை என்று கேட்கலாம், மகள் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். படகு எடுத்துப் போனவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்கக் கூடாது. மீன் கிடக்கிற இடம் அப்பன் சாகும்போது மகன் காதில் சொல்லிவிட்டுப் போகிற சொத்து. அதைக் கேட்பவன் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும்.

ஆகவே நடுக்கடலிலிருந்து ஒருவன் ரேடியோவில் கூப்பிட்டு, "இன்னார் இன்னிக்கு எங்க இருக்கான்?" என்று சாவதானமாகக் கேட்டால், அதற்கு ஒரே பொருள்தான். அவன் ஆபத்தில் இருக்கிறான். அந்த இன்னார் உடனே வர வேண்டும்.

இதை நேராகச் சொல்லிவிடலாமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எப்படிச் சொல்வது? அந்தத் தீவின் தென்கரை முழுக்க, வீட்டுக்கு வீடு, அடுப்பு மேல் பலகையில் ஒரு ரேடியோப் பெட்டி கடலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெண்டாட்டி மாவு பிசைந்தபடி கேட்பாள். அம்மா காலுறை பின்னியபடி கேட்பாள். 'மூழ்குகிறேன்' என்று ஒருவன் சொன்னால் அது முதலில் போய் விழுவது அவன் வீட்டு அடுப்படியில். அதனால் ஆண்கள் கடலில் எல்லாவற்றையும் குறைத்தே பேசுவார்கள். புயல் என்றால் 'கொஞ்சம் காத்து'. எலும்பு முறிந்தால் 'கை சரியில்ல'. அடுப்படிகளும் இந்தக் கணக்குத் தெரிந்தவைதான். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. மாவு பிசைகிற கை மட்டும் ஒரு கணம் நிற்கும்.

வெர்னா கீப்பிங் அப்படி ஓர் அடுப்படியில் வளர்ந்தவள். பேச்சு வருவதற்கு முன்பே அந்த இரைச்சலில் எந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முடித்து, மீன் பதப்படுத்தும் கொட்டகையில் நான்கு வருடம் நின்று, இருபத்திரண்டாம் வயதில் குன்றின் மேலிருந்த கரையோர ரேடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களுக்கு, "நாள் பூரா ஆம்பளைங்க பேசறத கேட்டுட்டு வீட்டுக்கும் வந்து அதையே கேக்கணுமாக்கும்" என்று பதில் வைத்திருந்தாள். பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். யாராவது யாரையாவது எங்கே என்று கேட்டால், உடனே அந்த ஆளை வேறொரு சாக்கில் கூப்பிடுவாள். "கார்லண்ட், உன் பக்கத்துல ரேஃபீல்ட் இருக்கான் போல. டீக்கு ஆள் தேடறான், பாத்துக்க." அவ்வளவுதான். கார்லண்டின் படகு திரும்பிவிடும். நிலையத்தின் குறிப்பேட்டில் இவையெல்லாம் 'வழக்கமான பேச்சு' என்றே பதிவாகின. எத்தனை பேர் அதனால் வீடு திரும்பினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

நாற்பதாவது வயதில் அவளைத் தீவைத் தாண்டி, பெருநிலத்து ஒண்டாரியோவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம். மாகாணத்துக்கு ஒன்றிரண்டு பேராகப் பதினோரு பேர். சஸ்காச்செவன் சமவெளியிலிருந்து வந்திருந்த பெண் அதுவரை கடலையே பார்த்ததில்லை. யூகானிலிருந்து வந்தவன் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பனிக்காலம் விடுவான். எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் வெர்னா வாயைத் திறந்தால் மட்டும் மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு தயாராக நின்றது.

"இன்னொரு தடவ சொல்லேன், கேக்கவே ஜோரா இருக்கு. உங்க ஊர்ல மீன்கூட இப்படித்தான் பேசுமா?" என்றான் ஒருவன்.

"மீன் பேசாது மக்கா. அதான் கொஞ்சமாவது மிச்சம் இருக்கு," என்றாள் வெர்னா. அவனே விழுந்து விழுந்து சிரித்தான். அன்று இரவு உணவின்போது அவள் 'ஆமாம்', 'இல்லை' தவிர வேறு எதுவும் பேசவில்லை.

சிரிப்பு பெரிய விஷயமில்லை. வேறொன்று நடந்தது. ஒருநாள் பயிற்சியாளர் பழைய அழைப்பு ஒன்றை ஒலிக்கவிட்டார். அவள் தீவின் ஆள் ஒருவனின் குரல். வானிலை கேட்டான், நன்றி சொன்னான், முடித்துக்கொண்டான்.

வெர்னா கையைத் தூக்கினாள். "இவன் பயந்து போயிருக்கான்."

"எந்தச் சொல்லுல?" என்று கேட்டார் பயிற்சியாளர். கேலியாக அல்ல, மிகுந்த பொறுமையோடு. அவள் யோசித்தாள். எந்தச் சொல்லிலும் இல்லை. "சொல்லுல இல்லைன்னா அது இல்லைன்னுதான் அர்த்தம், மிஸ் கீப்பிங். நீங்க கேட்டது உங்க கற்பனை. கற்பனைய நம்பி நாம ஹெலிகாப்டர் அனுப்ப முடியாது."

ஊர் திரும்பும்போது ஒரு அட்டையும் கொடுத்தார்கள். மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதில் அச்சிட்டிருந்தது: 'நீங்கள் அபாயத்தில் இருக்கிறீர்களா? ஆம் / இல்லை.' கூடவே ஒரு புது ஏற்பாடும் வந்தது. பொது அலைவரிசையில் கூப்பிடுகிறவர்களை உடனே வேறொரு அலைவரிசைக்கு மாற்றிவிட வேண்டும். அது நிலையத்துக்கு மட்டுமே கேட்கும். அடுப்படிப் பெட்டிகளில் அது வராது.

அந்தச் செப்டம்பரில், ஃபஜ் வீட்டுக் கிளாரன்ஸ் மாமா ரேடியோவில் வந்து, ஒருவன் பெயரைச் சொல்லி அவன் எங்கே என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் வேறு படகு இல்லை. வெர்னா தன் காதை நம்பி ஹெலிகாப்டர் கேட்டாள். அது வந்து சேர்வதற்குள் கிழவர் எஞ்சினைத் தானே சரிசெய்துவிட்டார். மேலே பார்த்துக் கை அசைத்தார். "எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் பெருநிலத்திலிருந்து வெர்னாவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'அழைத்தவர் அபாயத்தை அறிவிக்காத நிலையில், ஆதாரமின்றி ஹெலிகாப்டர் கோரியது...' 'இன்னொரு முறை நேர்ந்தால்...' அவள் அதை மேசை இழுப்பறையில், பென்சில்களுக்கு அடியில் வைத்தாள்.

நவம்பர் பதினொன்றாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு ரேஃபீல்ட் டர்ன்ஃபோர்ட் கூப்பிட்டான்.

ரேஃபீல்ட் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே. அவன் மனைவி எஃபி, வெர்னாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சிலேட்டுக் குச்சியை உடைத்துப் பகிர்ந்தவள். அன்று அவன் தனியாகப் போயிருந்தான். கூடப் போக வேண்டிய தம்பிக்குக் கையில் கட்டு. காலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த கடல், மதியத்துக்குமேல் கொண்டல் காற்று எழுந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. வெர்னா விதிப்படி அவனை மற்ற அலைவரிசைக்கு மாற்றினாள்.

"சொல்லுங்க ஸ்கிப்பர்."

"என்ன கண்ணு, புது ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்ட? இங்க ஈ காக்கா இல்லியே."

"இனிமே இப்படித்தான். என்ன விஷயம்?"

"விஷயம் என்ன விஷயம். கொஞ்சம் காத்து. எஞ்சின் காலையிலேருந்து முணுமுணுக்குது, எங்க மாமியா மாதிரி." சிரித்தான். பின்னால் இரும்பில் தண்ணீர் அறைகிற ஓசை கேட்டது. "வேற ஒண்ணுமில்ல." சற்று நிறுத்தினான். "கார்லண்ட் எங்க இருக்கான் இன்னிக்கு?"

வெர்னாவின் கையில் இருந்த பென்சில் நின்றது.

கார்லண்ட் ரோஸும் ரேஃபீல்டும் பேசி மூன்று வருடம் ஆகிறது. வசந்தத்தில் வலை போடும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கியபோது, தொப்பிக்குள் கையை விட்டவன் சீட்டைத் தடவிப் பார்த்து எடுத்தான் என்று ஒருவன் சொல்ல, மற்றவன் மேசையைக் கவிழ்த்தான். அதன்பின் தேவாலயத்தில்கூட எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்தார்கள். அந்தக் கார்லண்டை இவன் கேட்கிறான். வேறு படகுகள் கடலில் இருக்க, பெயர் சொல்லி அவனையே கேட்கிறான். காற்றோடு சீக்கிரம் வந்து சேரக்கூடிய பக்கத்தில் கார்லண்டின் படகு மட்டும்தான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிட உரக்க ஒரு மனிதன் கத்த முடியாது.

கார்லண்ட் எங்கே என்று வெர்னாவுக்குத் தெரியும். மதியம் அவனே சொல்லியிருந்தான். ஷாக் பாறைக்குப் பின்னால். ரேஃபீல்டிடமிருந்து இரண்டு மைல்.

அவள் அட்டையை நிமிர்ந்து பார்த்தாள். இழுப்பறையில் கடிதம் இருந்தது. மேலே அழைப்புகளைப் பதிகிற ஒலிநாடா சுழன்றுகொண்டிருந்தது. தன்னுடைய குரலே யாரோ போல ஒலிக்க, அச்சில் இருந்ததைப் படித்தாள்.

"நீங்கள் அபாயத்தில் இருக்கிறீர்களா? ஆமா, இல்லையா?"

இரைச்சல். பிறகு அவன், கூச்சப்பட்டவன்போல, "அய்ய, இல்ல கண்ணு. அப்படில்லாம் ஒண்ணும் இல்ல."

"மத்த படகு எங்க இருக்குன்னு நாங்க சொல்றதுக்கு அனுமதி இல்ல ஸ்கிப்பர்."

"சரி சரி. உனக்கும் வேலை கிடக்கும். எஃபிட்ட சொல்லு, கொஞ்சம் லேட்டாகும்னு."

யாருக்கும் கேட்காத அலைவரிசையிலும் அவன் தன் வீட்டு அடுப்படிக்குக் கேட்பதுபோலவே குறைத்துப் பேசினான்.

அவன் போனபிறகு வெர்னா கார்லண்டைக் கூப்பிட ஒலிவாங்கியை எடுத்தாள். விசையில் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தவில்லை. எந்தச் சொல்லில் என்று கேட்டால் என்ன சொல்வது? இல்லை என்று அவனே சொல்லிவிட்டான், நாடாவில் இருக்கிறது. ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். குறிப்பேட்டில் 'சிரமம் எதுவுமில்லை' என்று எழுதினாள். அவளுடைய கையெழுத்து எப்போதும் அழகானது. அன்றும் அழகாகவே இருந்தது.

ஐந்து மணிக்கு ரேஃபீல்டைக் கூப்பிட்டாள். ஐந்து ஐந்துக்கு. ஐந்து பத்துக்கு. அதன்பிறகுதான் அனுமதியாவது அட்டையாவது என்று பொது அலைவரிசையில் ஊர் முழுக்கக் கூப்பிட்டாள். முதலில் பாய்ந்து போனது கார்லண்டின் படகு. விடியும்வரை தேடினான். கவிழ்ந்து கிடந்த படகின் அடிப்பாகத்தைக் கண்டுபிடித்ததும் அவனேதான். ரேஃபீல்டைக் கடல் திருப்பித் தரவில்லை.

பிறகு ஊர் பேச ஆரம்பித்தது.

துறைமுகத்துக் கடையில், டின் பால் அடுக்கிய அலமாரிக்கு இந்தப்பக்கம் நின்றிருந்த வெர்னாவுக்கு அந்தப்பக்கப் பேச்சு நன்றாகவே கேட்டது. "ரெண்டு மைல் தள்ளி ஆளு நிக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போயிருப்பான்ல?" "கேப்பானா? கார்லண்ட் கையால தப்பிக்கறதுக்குச் சாவறதே மேல்னு இருந்திருப்பான். டர்ன்ஃபோர்ட் ரத்தம்." "பிடிவாதம் மிதக்காது மக்கா." யாரோ மெதுவாகச் சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். வெர்னா எடுத்த டின்னை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மலிவாகக் கிடைத்த அந்தத் தீர்ப்பு குளிர்காலம் முழுக்க ஊரில் நின்றது. கார்லண்ட் குடிக்கத் தொடங்கினான். செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று ஒருவன் செத்தே காட்டிவிட்டுப் போனதாக அவன் நினைத்தான். எஃபியைப் பார்க்கிறவர்கள், பிடிவாதக்காரனின் பெண்டாட்டி என்று ஒரு மாதிரியான இரக்கத்தோடு பார்த்தார்கள். உண்மை தெரிந்தவள் ஒருத்தி குன்றின் மேல் உட்கார்ந்து, காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

விசாரணை மார்ச்சில் என்று அறிவித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, வெர்னாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

கானெட் துறையில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். திறந்துகொண்டு உள்ளே வந்து, அடுப்பருகே உட்கார்ந்து, அப்புறம்தான் 'என்ன' என்பார்கள். தட்டுகிறவர் போலீஸ்காரர், பாதிரியார், அல்லது பெருநிலத்துக்காரர். வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். எஃபி நின்றாள். முப்பது வருடமாகத் தட்டாமல் வந்தவள்.

"எஃபி! என்னத்துக்குத் தட்டற?"

"உள்ள வரலாமா?"

உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. வெர்னா டீ ஊற்றி, வெல்லப்பாகு போட்ட ரொட்டியை வைத்தாள். எஃபி தொடவில்லை.

"பேப்பர் வந்திருக்கு. அவரு பேசினதெல்லாம் டைப் அடிச்சு எனக்கு ஒரு காப்பி அனுப்பியிருக்காங்க." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். "காத்துன்னு சொன்னாரு. எஞ்சின்னு சொன்னாரு. எங்க அம்மாவ வேற இழுத்திருக்காரு, சாகப்போற நேரத்துலயும். அப்புறம் இங்க பாரு."

அவள் விரல் வைத்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல் இருந்தது: 'சொந்தப் பேச்சு.' எங்கோ தொலைவில், கதகதப்பான அறையில், காதில் கருவி மாட்டி உட்கார்ந்து கேட்ட ஒருத்தி, வேலைக்கு உதவாத அரட்டை என்று கார்லண்ட் பற்றி வந்த பேச்சு முழுவதையும் அந்த இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடியிருந்தாள்.

"இது என்ன சொந்தப் பேச்சு, வெர்னா?"

வெர்னா கெட்டிலைப் பார்த்தாள்.

"ஊரே சொல்லுது, அவரு கேக்கலன்னு. வீம்புல செத்தாருன்னு. எனக்கு அவரத் தெரியும். வீம்பு உண்டுதான், ஆனா அவருக்கு என்னையும் தெரியும். எனக்காகக் கேட்டிருப்பாரு." குரல் உடையவில்லை. உடையாமல் இருப்பதற்காகவே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் போலிருந்தது. "நீ ஒருத்திதான் அவரு பேசினத காதால கேட்ட. அவரு கேட்டாரா, கேக்கலியா?"

"நான்... விதிப்படி கேள்வி கேட்டேன் எஃபி. அவன் இல்லைன்னு சொன்னான்."

"நான் அத கேக்கல."

"பேப்பர்ல இருக்கறதுதான்."

எஃபி காகிதத்தை மடித்தாள். இரண்டாக, நான்காக, எட்டாக. எழுந்தாள். கதவு வரை போய், திரும்பாமல், "நீயும் பெருநிலத்துக்காரி மாதிரி பேசக் கத்துக்கிட்ட" என்றாள்.

விசாரணைக்கு முந்தின நாள், பெருநிலத்திலிருந்து வெர்னாவின் மேலதிகாரி அட்வெல் வந்தார். நல்ல மனிதர். அவளுக்காகக் கவலைப்பட்டார். "பயப்படாதீங்க, மிஸ் கீப்பிங். நீங்க கேட்ட கேள்வி சரி. எழுதினது சரி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. படகோட்டி தன் நிலைமைய அறிவிக்கலன்னு முடிச்சிடுவாங்க. யாருக்கும் கெடுதல் இல்ல."

"யாருக்கும்?"

"செத்தவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் ஊரில் செத்தவர்கள் செத்துவிடுவார்கள்.

தேவாலயக் கூடத்தில் மடக்கு மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒண்டாரியோவிலிருந்து வந்த தலைவர், நோவா ஸ்கோஷியா வக்கீல் ஒருவர், ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அம்மா. ஓரத்தில் தட்டச்சுப் பெண். ஈரக் கம்பளியும் விறகுப் புகையுமாக ஊரே பெஞ்சுகளில் அடைந்திருந்தது. எஃபி முன்வரிசையில். கார்லண்ட் கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு.

தலைவர் காகிதத்தைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அபாயமான்னு கேட்டீங்க. அவர் இல்லைன்னு சொன்னார். சரிதானே?"

"ஆமா."

"நன்றி. நீங்க உட்காரலாம்."

வெர்னா உட்காரவில்லை. அந்த ஒரு 'ஆமா'வோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. இறங்கிப் போய்விடலாம். நாற்காலி இருக்கும், ஓய்வூதியம் வரைக்கும் குன்று இருக்கும். எஃபி அவளைப் பார்க்கவில்லை. மடித்த காகிதத்தை மட்டும் கைக்குள் வைத்திருந்தாள்.

"அந்தச் சொந்தப் பேச்ச யாரும் கேக்கலியே," என்றாள் வெர்னா.

தலைவர் நிமிர்ந்தார். அட்வெல் மெல்ல இருமினார்.

"சொந்தப் பேச்சுன்னு போட்டிருக்கே, அது சொந்தப் பேச்சில்ல. கார்லண்ட் எங்க இருக்கான்னு கேட்டான்."

கூடத்தில் ஒரு பெஞ்சு முனகியது. அவ்வளவுதான். ஆனால் மேசையிலிருந்த மூவரும் அந்த மௌனத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி," என்றார் தலைவர், பொறுமையாக. "நண்பர விசாரிச்சிருக்கார்."

"நண்பன் இல்ல. மூணு வருஷமாப் பேச்சில்ல."

"அப்ப எதுக்குக் கேட்டார்?"

பதினெட்டு வருடம் ஒரு குறிப்பேட்டிலும் எழுதாததை வெர்னா ஒண்டாரியோக்காரருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க ஊர்ல கடல்ல இருக்கறவன எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க, சார். கேட்டா, வந்து காப்பாத்துன்னு அர்த்தம்."

வக்கீல் பேனாவை வைத்தார். கடற்கரை ஊர்க்காரராக இருக்க வேண்டும். "எல்லாருக்கும் அது தெரியுமா?" என்று கேட்டார்.

"பின்னாடி இருக்கறவங்கள கேளுங்க."

அவர் கேட்கவில்லை. பெஞ்சுகளைப் பார்த்தார், போதுமானதாக இருந்தது.

தலைவர் விடவில்லை. "ஆனா நீங்க நேரா கேட்டப்ப அவர் இல்லைன்னாரே? அப்ப பொய் சொன்னாரா?"

"இல்ல சார். விருந்தாளிய வாசல்ல நிறுத்தி, பசிக்குதான்னு கேட்டா என்ன சொல்வான்? இல்லைன்னுதான் சொல்வான். நான் அவன வாசல்ல நிறுத்திக் கேட்டேன்."

"அவர் உதவி கேக்கறார்ன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்."

அட்வெல் எழுந்தார். "அந்தக் கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல..."

"தெரியும்," என்றாள் வெர்னா. "கார்லண்ட் எங்க இருக்கான்னும் தெரியும். கூப்பிட மைக்க எடுத்தேன். கட்டைவிரல வச்சேன். அமுக்கல. வச்சிட்டேன்."

தட்டச்சுப் பெண் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தாள். "எல்லாத்தையும் அடிக்கட்டுமா சார்?"

"அடிம்மா," என்றாள் வெர்னா, அவர் சொல்லும் முன்பே. "இந்தத் தடவ அடைப்புக்குறி போடாத."

கடைசி வரிசையில் ஒரு பெஞ்சு இழுபட்டது. கார்லண்ட் வெளியே போனான். ஜன்னல் வழியே தெரிந்தான். கோட்டு இல்லாமல் பனியில் நின்று, கடலைப் பார்க்காமல், கூடத்தின் பலகைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். அவன் தொப்பி பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்தது. எஃபி எழுந்து போய் அதை எடுத்து, தூசி தட்டி, வெளியே கொண்டுபோனாள். வெர்னாவைக் கடந்துதான் போனாள். நிற்கவில்லை.

மறுவாரம் எஃபியின் வீட்டு வாசலில் பிளந்த விறகு இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை. கார்லண்ட் குடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஞாயிறுகளில் தேவாலயத்தில் டர்ன்ஃபோர்ட் குடும்பத்தின் பக்கம் போய் உட்கார்ந்தான். கடையில் ஒருநாள் வெர்னா எதிர்ப்பட்டபோது, "ரெண்டு மைல்தான் வெர்னா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அறிக்கை இலையுதிர் காலத்தில் வந்தது. 'படகோட்டி உள்ளூர் வழக்கப்படி உதவி கோரினார். அது செயல்படுத்தப்படவில்லை.' கடைக்காரர் அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினார். ரேஃபீல்ட் வீம்பால் செத்தான் என்று அதன்பின் யாரும் சொல்லவில்லை. வெர்னாவை ஒலிவாங்கியிலிருந்து எடுத்துக் கோப்பு அடுக்குகிற வேலையில் போட்டார்கள். இரண்டு வருடத்தில் நிலையமே மூடப்பட்டு அழைப்புகள் பெருநிலத்துக்குப் போயின. அங்கே எடுக்கிற குரல்கள் பணிவானவை, தெளிவானவை. அட்டையில் இருக்கிற கேள்வியைக் கேட்கின்றன. கானெட் துறை ஆண்கள் இல்லை என்று சொல்கிறார்கள். பிறகு பொது அலைவரிசைக்குத் திரும்பி, அடுப்படிகளுக்குக் கேட்க, இன்னார் எங்கே என்று ஒருவரை ஒருவர் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

வெர்னாவை ஊர் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். அதற்குப் பதிலாக மரியாதை கொடுக்கத் தொடங்கினார்கள். 'கண்ணு' போய் 'மிஸ் கீப்பிங்' வந்தது. 'எப்படி இருக்கீங்க' என்றார்கள், 'நல்லா இருக்கேன்' என்றாள். அவள் வீட்டு அடுப்படிப் பெட்டி இன்னும் கடலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு நாளும் அதை அணைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிவாக்கில் எஃபி வருகிறாள். பேச அதிகம் இருப்பதில்லை. டீ குடிப்பாள், பெட்டியின் இரைச்சலை இருவரும் கேட்பார்கள், யாருடைய குரல் என்று சில சமயம் ஒருத்தி சொல்வாள், மற்றவள் தலையசைப்பாள். போன ஞாயிறும் வந்தாள். வெர்னா மாவில் கைவைத்திருந்தபோது கதவு இரண்டு முறை தட்டப்பட்டது.

"திறந்துதான் இருக்கு எஃபி," என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

வெளியே பனியில் கால் மாற்றி வைக்கிற ஓசை கேட்டது. கைப்பிடி திரும்பவில்லை. வெர்னா கையிலிருந்த மாவைக்கூட வழிக்காமல், எல்லா ஞாயிறும் போவதுபோல, கதவைத் திறக்கப் போனாள்.